புறாமலையில் முக்குளிக்கும் முன்: பூங்காவின் விதிகளும் உடம்பின் விதிகளும்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி இரண்டு பாறைத்தீவுகள் இருக்கின்றன. மாடப்புறாக்கள் அங்கே கூடு கட்டுவதால் புறாமலை என்று பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. மொத்தப் பரப்பு 471 ஹெக்டேர். பெரிய தீவின் நீளமே சுமார் 200 மீட்டர்தான் என்பதால், பூங்கா என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி தண்ணீர்.

கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் இங்கே கூட்டம் கூடுகிறது. கூட்டத்தோடு கேள்விகளும் வருகின்றன. தேசியப் பூங்கா என்றால் எப்படி உள்ளே விடுகிறார்கள்? மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு மட்டும் ஏன் அப்படிப் போக முடியவில்லை? முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையைத் தொட்டால் என்ன கெட்டுவிடும்? ஆழமே இல்லாத இடத்தில் என்ன ஆபத்து வந்துவிடும்?

கடைசி இரண்டு கேள்விகளும் தனித்தனியானவை போலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில், சுழியோடி (முக்குளிப்பவர்) மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியில் இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்கு முன் சில அடிப்படைகள்.

'பாதுகாக்கப்பட்ட' என்றால் எந்த அளவுக்கு?

ஒரே சொல்லை மூன்று விதமான ஏற்பாடுகளுக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பத்தின் பாதி அதனால்தான்.

1. உயிர்க்கோளக் காப்பகம். மன்னார் வளைகுடாவில் 1989இல் அறிவிக்கப்பட்டது. 10,500 சதுர கிலோமீட்டர். இதற்குள் மீன்பிடி நடக்கிறது, துறைமுகம் இயங்குகிறது, ஊர்கள் இருக்கின்றன. யாரும் நுழையக் கூடாத இடம் என்று இதற்குப் பொருள் இல்லை.

2. தேசியப் பூங்கா. அதே வளைகுடாவில் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும் 1986இல் பூங்காவாயின. 560 சதுர கிலோமீட்டர். இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நேரடியாகப் பொருந்தும். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. 'தெரிந்த படகுக்காரர் கூட்டிப் போகிறார்' என்பது அனுமதி ஆகாது.

3. கடும் இயற்கை ஒதுக்கிடம். இலங்கைச் சட்டத்தில் உள்ள வகை. ஆய்வுக்காக அன்றி யாருக்கும் இடமில்லை.

புறாமலை இரண்டாவது வகை. ஆனால் இலங்கையில் தேசியப் பூங்கா என்பது சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கப் போகும் இடம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கட்டணம் செலுத்தினால் நுழையலாம். அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது.

மன்னார் வளைகுடாவில் கெடுபிடி கூடியதற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரை ஒரு சாண் தொலைவில் நின்று பாருங்கள். கல்லில் சின்னச் சின்னப் பூக்கள் செதுக்கியதுபோல் இருக்கும். எல்லாம் ஒரு காலத்தில் உயிர் இருந்த குழிகள். வெட்டிய வெட்டில் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. 21 என்ற கணக்கில் அவையும் சேர்த்தி. இந்தியாவில் 2001இல் பவளங்களும் கடலட்டைகளும் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை.

முருகைக்கல் கல் அல்ல

தமிழ்நாட்டில் பவளப்பாறை என்கிறோம், இலங்கையில் முருகைக்கல். பாறை, கல் என்ற இரண்டு சொற்களும் ஆளை ஏமாற்றிவிடுகின்றன. இவை விலங்குகள். குண்டூசித் தலை அளவிலிருந்து விரல்நகம் அளவு வரை உள்ள மெத்தென்ற உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் தனக்கு அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டுகின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் பெரிய உருவம் அந்தக் கிண்ணங்களின் குவியல். அதன் மேல் தோலில் மட்டும்தான் உயிர் இருக்கிறது.

அந்தத் தோலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலிலிருந்து உணவு சமைத்துப் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குத் தருவது அவைதான். நிறமும் அவற்றால் வருவது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிடக் கடல் ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் சூடாக இருந்தால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. இதுதான் வெளிறல். 1998இல் இலங்கையின் தென்மேற்கே ஹிக்கடுவையில் பவளங்கள் பெருமளவில் செத்தன. திருகோணமலைப் பக்கம் அந்த முறை பெரும்பாலும் தப்பியது. உலகளாவிய வெளிறல் நான்காவது முறையாக நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

சரி, தொட்டால் என்ன? விரலோ கையுறையோ உரசும்போது பவளத்தின் மேலிருக்கும் வழுவழுப்பான படலமும் அதன் கீழுள்ள மெல்லிய சதையும் வழன்று போகின்றன. தோல் உரிந்த இடத்தில் நோயும் இழைப்பாசியும் ஏறும். ஒருவர் ஒருமுறை தொட்டதில் பவளம் சாகாமல் போகலாம். அதே வழியில் ஒரு நாளைக்கு நூறு பேர் போகிறார்கள் என்பதுதான் சிக்கல். வளரும் வேகமும் குறைவு. கொம்பு கொம்பாகக் கிளைக்கும் வகை ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும்; மூளைபோல் உருண்டு திரண்ட வகை ஒரு சென்டிமீட்டரோ அதற்கும் குறைவோ. கால்பந்து அளவுள்ள ஒன்றுக்கு வயது பத்தோ இருபதோ இருக்கும். அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பத்து மீட்டரில் உடம்புக்கு என்ன ஆகிறது

கரையில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. தண்ணீரில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொன்று கூடும். பத்து மீட்டரில் இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. பலூனைக் கட்டி இறக்கினால் பத்து மீட்டரில் பாதியாகச் சுருங்கும். இருபதில் மூன்றில் ஒரு பங்கு.

கவனிக்க வேண்டியது, பெரிய மாற்றம் முதல் பத்து மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது என்பது. இருபதிலிருந்து முப்பதுக்குப் போகும்போது கன அளவில் வரும் வித்தியாசம் அதைவிட மிகக் குறைவு. ஆழம் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்ற கணக்கு இங்கேதான் தவறுகிறது.

ஸ்கூபாவின், அதாவது காற்றுச் சிலிண்டரோடு முக்குளிப்பதன் முதல் விதி, மூச்சைப் பிடிக்காதே. மூச்சை அடக்கி முத்துக் குளித்தவர்களின் கரை இது, அவர்களுக்கு மட்டும் எப்படிச் சரியாயிற்று? அவர்கள் கரைக்காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு இறங்கினார்கள். அது கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பும். சிலிண்டரோடு போகிறவர் பத்து மீட்டரில் இழுப்பது அந்த அழுத்தத்துக்கு இறுக்கப்பட்ட காற்று. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. முழு மூச்சோடு ஒன்றரை மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியக்கூடும். நீச்சல்குளத்தில்கூட இது நடக்கலாம்.

இரண்டாவது, நைட்ரஜன். அழுத்தம் கூடக் கூட, மூச்சில் வரும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாகவே வெளியேறிவிடும். விரைந்து வந்தால் சோடா மூடியைத் திறந்த கதைதான்: குமிழ்கள். டிகம்ப்ரஷன் நோய் என்று சொல்வது இதை. மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், காரணம் தெரியாத அசதி, தோலில் தடிப்பு என்று எப்படியும் வரலாம். பெரும்பாலும் மேலே வந்த சில மணி நேரத்தில் தெரியும். சிலிண்டர் தூக்கியதில் தோள் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவதுதான் பெரிய தவறு. தூய ஆக்சிஜன் கொடுத்து, படுக்கவைத்து, அழுத்த அறை (காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அறை) உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு முறை கீழே இறங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரையோர ஊர்களில் இது புத்தக அறிவு அல்ல. கடலட்டைக்கும் சங்குக்கும் ஒரே நாளில் சிலிண்டர் மேல் சிலிண்டராக மாற்றி இறங்கி, கால் முடங்கிப்போன சுழியோடிகள் அங்கே இருக்கிறார்கள்.

மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகக் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வர வேண்டும். அந்த 3 நிமிடமும் ஐந்து மீட்டரில் அசையாமல் மிதக்கத் தெரிய வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஈயக்கட்டியின் கதை

புதிதாக வருபவர் தண்ணீரில் இறங்குகிறார், கீழே போக முடியவில்லை. பதற்றத்தில் நெஞ்சு நிறையக் காற்றை அடக்கிக்கொண்டு, காலையும் உதைத்துக்கொண்டிருக்கிறார். மேலே தள்ளுவது அவர் கால்தான். படகில் நேரமாகிறது. உதவியாளர் அவர் பட்டையில் இன்னும் இரண்டு கிலோ ஈயத்தைக் கோர்க்கிறார். இப்போது ஆள் இறங்கிவிடுகிறார். எல்லாருக்கும் திருப்தி.

கீழே போனதும் கனம் இழுக்கிறது. ஈடுகட்ட, காற்றை ஏற்றவும் வெளியேற்றவும் கூடிய மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றுகிறார். காற்று நெஞ்சுப் பக்கம், ஈயம் இடுப்பில். தலை மேலும் கால் கீழுமாக உடம்பு சாய்கிறது. கிடைமட்டமாக இருந்தால் பின்னால் போயிருக்கும் உதை இப்போது அடியில் உள்ள பவளத்தின்மேல் விழுகிறது. கிளை முறியும் சத்தம் அவருக்குக் கேட்பதில்லை. எழும்பும் மணல் பக்கத்துப் பவளங்களின்மேல் படிந்து வெயிலை மறைக்கிறது. மூச்சு வாங்குவதால் சிலிண்டரும் சீக்கிரம் காலியாகிறது.

மேலே வரும்போது அதே காற்று அவருக்கு எதிராகத் திரும்புகிறது. ஒரு மீட்டர் ஏறியதும் சட்டைக்குள் இருக்கும் காற்று விரிகிறது; விரிந்தது இன்னும் மேலே இழுக்கிறது; இன்னும் விரிகிறது. காற்றை வெளியேற்றும் குழாயைத் தேடுவதற்குள் பந்துபோல் மேலே வந்துவிடுகிறார். 5 மீட்டரில் நிற்பது எங்கே! பாறையை உடைத்ததும் ஆளை ஆபத்தில் தள்ளியதும் அதே இரண்டு கிலோ ஈயம்.

அளவு சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை:

1. எல்லாக் கருவிகளோடும் ஆழமான தண்ணீரில் அசையாமல் நிமிர்ந்து நில்லுங்கள். காலை உதைக்க வேண்டாம்.
2. மிதவைச் சட்டையின் காற்றை முழுதும் வெளியேற்றி, சாதாரண மூச்சு ஒன்றை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும்.
3. மூச்சை விடுங்கள். மெதுவாக மூழ்கினால் அளவு சரி. கல்லைப்போல் போனால் கனம் அதிகம்.
4. சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இதைச் செய்தால் சுமார் 2 கிலோ கூட்டிக்கொள்ள வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு. முடிவில் சிலிண்டர் அவ்வளவு லேசாகிவிடும்.

கடைசிப் புள்ளியைப் பார்த்துவிட்டு, 'அதுதான் நான் கூட்டினேன்' என்று மேலே சொன்ன உதவியாளர் வாதிடலாம். அளந்து கூட்டுவது வேறு, அவசரத்துக்குக் கோர்ப்பது வேறு.

அளவு சரியானதும் உயரத்தை மாற்றும் வேலையை மூச்சே செய்யும். உள்ளிழுத்தால் உடனே ஏற மாட்டீர்கள். ஓரிரு நொடி கழித்தே உடம்பு எழும்பும். புதியவர் அதற்குள் பொறுமை இழந்து மிதவைச் சட்டையில் காற்றேற்றும் பொத்தானை அழுத்துகிறார். பழகியவர் பவளத்துக்குச் சற்று முன்பே மெல்ல இழுத்து, கையைக் கட்டிக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடுவார்.

சுழியோடிகள் பவளத்தை எப்படித் தொடுகிறார்கள் என்று பல நாடுகளில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அதிகம் படுவது கை அல்ல, காலில் மாட்டும் துடுப்பு. இறங்கிய முதல் சில நிமிடங்களில் அதிகம் படுகிறது. கேமரா வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தொடுகிறார்கள். கரீபியனில் செயின்ட் லூசியாவில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது: படகில் வைத்துச் சுருக்கமாக அறிவுரை சொன்னதால் பெரிய பயன் இல்லை, தண்ணீருக்குள் வழிகாட்டியே கையைப் பிடித்துத் திருத்தியபோதுதான் குறைந்தது. அதே கடலில் உள்ள பொனேர் தீவில் 1979 முதல் கடல் பூங்கா இருக்கிறது. அங்கே வருகிற எவரும், எத்தனை ஆண்டு அனுபவசாலி ஆனாலும், முதலில் ஒரு சோதனை முக்குளிப்புச் செய்தாக வேண்டும். கையுறைக்குத் தடை, வெறுங்கை என்றால் எதையும் பிடிக்கத் தயங்குவோம் அல்லவா, அதற்காக. இதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம்: முதல் பத்து நிமிடத்தைப் பவளம் இல்லாத மணல்தரையின்மேல் கழித்துவிட்டு, கை கால் பழகியபின் பாறைப் பக்கம் போகலாம். தொங்கும் குழாய்களையும் அளவுமானியையும் உடம்போடு செருகிக்கொள்ள வேண்டும், அவையும் உரசும்.

படகு ஏறும் முன் கேட்க வேண்டியவை

1. பயிற்றுநரின் சான்றிதழ் எது, இன்னும் செல்லுபடியாகிறதா?
2. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? முதல்முறை இறங்குபவர் என்றால் கை எட்டும் தூரத்தில் அவர் இருக்க வேண்டும். நான்கு புதியவர்களை ஒருவர் அழைத்துப்போவது, என் பார்வையில், மறுக்க வேண்டிய ஏற்பாடு.
3. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? அழுத்த அறை உள்ள இடம் எது, அங்கே எப்படிப் போவது?
4. உடல்நிலை பற்றிய படிவம் கொடுத்தார்களா? ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுப் பிரச்சினை, கர்ப்பம், சாதாரண மூக்கடைப்பு, எல்லாமே கணக்கில் வரும். கேட்காமலேயே கருவியை மாட்டுகிறார்கள் என்றால் வேறு கடை பாருங்கள்.
5. நங்கூரத்தை எங்கே போடுவார்கள்? மிதவையில் கட்டலாம், மணலில் போடலாம். ஒரு நங்கூரமும் சங்கிலியும் பவளத்தின்மேல் இழுபட்டால், நூறு பேரின் துடுப்பு செய்ததை ஒரே மதியத்தில் செய்துவிடும்.

ஆழம் பற்றி: அடிப்படைச் சான்றிதழுக்கு 18 மீட்டர், அடுத்த படிக்கு 30, பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40. மட்டக்களப்புக்கு அப்பால் 1942இல் மூழ்கிய ஹெர்மிஸ் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அடிப்படைச் சான்றிதழை வைத்துக்கொண்டு அதைக் காட்டுகிறேன் என்பவரோடு போகாதீர்கள்.

மிதந்து பார்ப்பவர்கள்

புறாமலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சிலிண்டர் மாட்டுவதில்லை. முகமூடியும், மிதந்தபடி மூச்சுவிட உதவும் ஸ்நார்க்கல் குழாயும்தான். பவளம் இடுப்பளவு தண்ணீரிலேயே தொடங்குவதால் அதிகச் சேதமும் இங்கேதான். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் எல்லாரும் செய்வது, காலை ஊன்றி எழுந்து நிற்பது. கால் ஊன்றும் இடம் பவளம். நீந்தத் தெரியாதவர் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றவே கூடாது. மல்லாந்து திரும்பி, மிதந்தபடியே முகமூடியைச் சரிசெய்யக் கரையோர மணலில் இரண்டு முறை பழகிவிட்டால் போதும்.

மூச்சடக்கிக் கீழே போய்ப் பார்க்க விரும்புபவர்கள், அதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவதைத் தவிர்க்க வேண்டும். அது ஆக்சிஜனைக் கூட்டுவதில்லை. மூச்சு வாங்கச் சொல்லி நம்மை உந்தும் கரியமில வாயுவைக் குறைத்துவிடுகிறது. எச்சரிக்கை வராமலே நினைவு தப்பும், சத்தமே இருக்காது.

வெயிலுக்குப் பூசும் கிரீம் பற்றி நிறையப் பேச்சு. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடுத்தது. பவளத்தை இவை எந்த அளவு பாதிக்கின்றன என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் ஓயவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் கிரீமின் தேவையே பாதியாகிவிடும். 'பவளத்துக்குப் பாதுகாப்பானது' என்ற லேபிளைத் தேடி அலைவதைவிட இது மலிவு.

கண்ணில் படுபவை

பலருக்குப் பயம் சுறாமேல். இங்கே காணும் கறுப்பு முனைச் சுறாக்கள் கூச்சமுள்ளவை. துரத்தினால் போய்விடும், துரத்தாமல் இருந்தால் திரும்பி வரும். கவலைப்பட வேண்டியது பெரிய கிளாத்தி மீனுக்கு. கூடு காக்கும் காலத்தில் அது கடிக்க வரும். அதன் எல்லை கூட்டிலிருந்து புனல்போல் மேல்நோக்கி விரிந்தது என்பதால் மேலே தப்பப் பார்த்தால் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

கல்மீன், சிங்கமீன் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் கையையோ காலையோ அரை மணிக்கு மேல் அமிழ்த்தி வைத்து, மருத்துவரிடம் போக வேண்டும். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி. அதன் மேல்வழியை மறித்துக்கொண்டு படம் எடுப்பது அதன் கழுத்தைப் பிடிப்பது மாதிரி. மீனுக்குப் பாண் (ரொட்டி) பிய்த்துப் போடுவதும் வேண்டாம். பவளத்தை மூடும் பாசியைக் கொறிக்க வேண்டிய மீன்கள் படகைச் சுற்றியே வட்டமிடத் தொடங்கிவிடும்.

தீவின் கரையில் இறந்த பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கும். செத்ததுதானே என்று பையில் போட்டுக்கொள்ள இடமில்லை. பூங்காவிலிருந்து எடுத்தால் அதுவும் குற்றம்.

கரைக்கு வந்த பின்

வெளியே வந்தபிறகும் நைட்ரஜன் கணக்கு முடியவில்லை. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், குமிழ் உருவாகும். ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. விமானத்தை எல்லாரும் நினைவில் வைக்கிறார்கள், மலையை மறந்துவிடுகிறார்கள். காலையில் புறாமலையில் இறங்கிவிட்டு மதியமே வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போவது சுற்றுலாக்காரர்கள் போடும் திட்டம்; அந்த ஊர் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைநாட்டை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு வரலாம். அது முடியாது என்றால் இறங்கிய அன்று நிலாவெளியிலேயே தங்கிவிட்டு மறுநாள் வண்டி ஏறுங்கள்.